கடுகு தாளிக்காத உருளைக்கிழங்கு

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. நீ கேட்டதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இவன் இனி கல்யாணமே செய்துகொள்ள மாட்டான் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு, நாற்பது வயதைத் தாண்டி, வித்யாவைப் போல ஒரு பெண்ணை அழைத்துவந்து என் முன்னால் நிறுத்தினாய். அடுத்த மாதம் டாலஸில் கல்யாணம். அந்தச் சந்தோஷத்தோடு பேச்சை முடித்திருக்கலாம். "அம்மா, தாலித் தட்டை நீதான் மேடைக்கு எடுத்துட்டு வந்து என் கையில கொடுக்கணும். ஐயர்கிட்ட பேசி ஓகே பண்ணிட்டேன்" என்றாய். "அதெல்லாம் சரியா வராதுப்பா. அத்தையும் மாமாவும் தம்பதியா வந்து கொடுக்கட்டும்" என்றேன். "அப்ப நீ எங்க இருப்பே?" "நான் சாப்பாட்டுப் பக்கம் பாத்துக்கறேன்." "அதுக்குத்தான் கேட்டரர் இருக்காரேம்மா" என்றாய். அப்போதுதான் பால் பொங்கியது.

பதிலை ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம். ஆனால் வழிமுறை எழுதாத விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று சொல்லித்தான் கான்வென்ட் சிஸ்டர்கள் எங்களை வளர்த்தார்கள். நானும் உன்னை அப்படித்தான் வளர்த்தேன். அதனால் நிதானமாகப் படி. தமிழ் எழுத்து உனக்கு மெதுவாகத்தான் ஓடும். தடுக்கும் இடத்தில் வித்யா படித்துக் காட்டட்டும், அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். என் பிடிவாதம் உனக்குப் புதிதில்லை. போன வருஷம் நூவர்க் விமான நிலையத்தில் எனக்கு வீல்சேர் ஏற்பாடு செய்திருந்தாய். நான் உட்காரவில்லை. முழங்கால் வலியோடு கேட் வரைக்கும் நடந்தேன். பாவம், அந்தப் பெண் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அதை நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய். இப்போது எழுதப்போவது நீ இங்கே நம் எடிசன் வீட்டில் இல்லாத ஒரு குளிர்காலத்தைப் பற்றி. அந்த நாட்களில் நாம் வாரம் ஒருமுறைதான் பேசுவோம். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் இதைச் சொல்ல வாய்க்கவே இல்லை.

அப்பா போனபோது நீ ஆஸ்டினில் கல்லூரி முதல் வருஷம். காரியங்கள் முடிந்ததும், படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று நான்தான் உன்னைத் திருப்பி அனுப்பினேன். அந்தக் கோடையில் உன் அத்தை பெண்ணுக்குப் பக்கத்து ஊர் ஐசலினில் வளைகாப்பு. கலந்த சாதம் அத்தனையும் நான்தான் செய்தேன். புளியோதரையில் ஒரு பருக்கைகூட ஒட்டாமல், தேங்காய் சாதத்தில் முந்திரி ஒரே நிறமாகச் சிவந்து, எல்லாம் எனக்குப் பிடித்த மாதிரி வந்திருந்தது. பாத்திரங்களைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். வளையல் அடுக்க ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். உன் அத்தை என் பக்கத்தில் வந்து, "அண்ணி, காலைலேர்ந்து நின்னுட்டே இருக்கீங்க. கீழ பேஸ்மெண்ட்ல ஏசி நல்லா இருக்கு, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்களேன்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்களில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் அவள்தான். நான் கீழே போய், அங்கிருந்த காகிதத் தட்டுகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. இனி யாரும் என்னைப் போகச் சொல்வதற்குள் நானே எழுந்துவிட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் கடைசி வரிசைக்கு என்னை யாரும் அனுப்பவில்லை. நானாகவே போய் உட்கார்ந்தேன்.

அடுத்த வீட்டு ஆல்டோ உனக்கு ஞாபகம் இருப்பார். குளிர் வந்துவிட்டால் தன் அத்தி மரத்துக்குக் கோணியும் பழைய போர்வையும் சுற்றி, உச்சியில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைப்பாரே, அந்த இத்தாலியர். நம் தெருவில் பாதி வீடுகளின் வாசல் படிகள் அவர் கட்டியவை. அந்த வருஷம் முதல் பெரிய பனி விழுந்த காலையில் அவர் பனி அள்ளும் சவலோடு நம் டிரைவ்வேக்கு வந்தார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு நான் இறங்கினேன். காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், அதன் மேல் கான்வாஸ் ஷூ. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். அவருடைய இங்கிலீஷில் பாதி இத்தாலியன். அதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கு அவர் குரல் கேட்கிறது. "சிஞோரா! பனில இப்படியா வருவீங்க? காலைக் காட்டுங்க!" என்று கத்தினார். சிஞோரா என்றால் அவர்கள் பாஷையில் அம்மணி. "என் காலை எதுக்கு உங்ககிட்ட காட்டணும்?" என்றேன். "அப்ப என் காலைப் பாருங்க" என்று அங்கேயே படியில் உட்கார்ந்து பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றினார். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. "ரஷ்யாவுல விட்டுட்டு வந்துட்டேன். தபால்ல அனுப்பறேன்னாங்க, இன்னும் வரல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா போன பிறகு வாசலில் நின்று சிரித்தது அன்றுதான். மறுநாள் கதவருகில் அவர் மனைவி ரீட்டாவின் பழைய பனி பூட்ஸ் இருந்தது. இன்றைக்கும் அதைத்தான் போடுகிறேன்.

ஜனவரியில் ஒரு மதியம் ரீட்டா வந்தார். ஆல்டோவும் அவரோடு போருக்குப் போன சில நண்பர்களும் வருஷத்துக்கு ஒருமுறை சர்ச் பேஸ்மெண்டில் சேர்ந்து சாப்பிடுவார்களாம். பரிமாற ஒரு பெண் வேண்டும். இத்தனை வருஷம் பரிமாறிய போலந்துக்கார அம்மா மகளோடு ஃப்ளோரிடா போய்விட்டார். "நீ வரியா?" என்றார். "நீங்களே பரிமாறலாமே?" என்று கேட்டேன். "நான் கூடாது. எங்க வீட்டுப் பொம்பளைங்க யாருமே கூடாது. அன்னியமா இருக்கணும். வீட்ல ஆம்பளை இல்லாதவளா இருக்கணும்" என்றார். அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகவில்லை. பேஸ்மெண்ட் என்ற சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் இந்தத் தகுதியும் சேர்ந்தது. எனக்கு வேலை இருக்கிறது என்று கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி மணி அடித்தது. இந்த முறை ஆல்டோ. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "ரீட்டா தப்பான பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சுட்டா. நான் முதல்லேர்ந்து சொல்லலாமா?" என்றார்.

நம் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவர் சொன்னதை எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி ஜெர்மனியோடு சேர்ந்து ரஷ்யாவின் மேல் படையெடுத்தது. ஆல்டோ மலைநாட்டுப் பையன். கோவேறு கழுதைகளைப் பராமரிப்பது அவர் வேலை. மலையேறும் படை என்பதால் கயிறும் பனிக்கோடரியும் கொடுத்தார்கள். கொண்டுபோய் நிறுத்தியது டான் நதிக்கரையில், ஒரு மேடுகூட இல்லாத சமவெளியில். "அந்தக் கயித்தை வெச்சுத் துணி காயப்போட்டோம்" என்றார். குளிர்காலத்தில் ரஷ்யர்கள் திருப்பி அடித்தபோது வண்டி இல்லை, பெட்ரோல் இல்லை, எங்கே போவதென்று சொல்ல ஆளும் இல்லை. மேற்கே நடங்கள் என்றார்கள், நடந்தார்கள். பூட்ஸின் அடியில் இரும்பு ஆணிகள்; குளிர் அந்த ஆணி வழியாக உள்ளே ஏறியது. கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே தூங்கினாராம்.

ஒரு மாலை ஏதோ ஒரு கிராமத்தில், கூரை வேய்ந்த ஒரு வீட்டின் கதவைத் தட்டினார். ஒரு பெண் திறந்தாள். அவளுக்கு இவர் எதிரி. இவர் கையில் துப்பாக்கி இருந்தது, அதைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. சுவரில் ஒரு சிப்பாயின் படம் மாட்டியிருந்தது. அவளுடைய புருஷன். "எங்களைச் சுடறதுக்குப் போனவன், சிஞோரா. உயிரோட இருக்கானா இல்லையான்னு அவளுக்கே தெரியாது. அவ வேகவெச்ச உருளைக்கிழங்கை நடுவுல வெச்சா. கொஞ்சம் உப்பு. அவ சிரிக்கல, பேசல. என் பூட்ஸை அறுத்து எடுத்து, காலைத் தேய்ச்சு விட்டா. விடியறதுக்குள்ள வெளில தள்ளிட்டா. பேர் தெரியாது. ஊர் தெரியாது. எங்க எல்லாருக்குமே அப்படி ஒரு வீடு, அப்படி ஒருத்தி. எல்லா வீட்டுலயும் ஆம்பளை இல்ல. அதனாலதான் அப்படிக் கேக்கறோம். உங்களைக் குறைச்சு இல்ல" என்றார். நான் பாத்திரம் கழுவும் சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டேன். எந்தக் காரணத்துக்காக என்னைக் கீழே அனுப்பினார்களோ, அதே காரணத்துக்காக இவர்கள் என்னைத் தேடி வந்திருந்தார்கள். வருகிறேன் என்றேன்.

இப்போது உன் அம்மா செய்த காரியத்தைக் கேள். வேகவைத்த உருளைக்கிழங்கு, உப்பு, சூடான பால். அவர்கள் கேட்டது இவ்வளவுதான். முன்பின் தெரியாத ஆண்களுக்கு முதல் முதலாகப் பரிமாறப் போகிறேன், வெறும் கிழங்கையா கொண்டுபோவது? ருசியில்லாததைக் கொடுத்தால் கொடுத்தவளுக்குத்தானே அவமானம்? கிழங்கை வேகவைத்து உதிர்த்து, கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள் போட்டுப் பொடிமாஸ் செய்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, மூடிபோட்ட பாத்திரத்தில் கொண்டுபோனேன். பேஸ்மெண்டில் நீள மேசை. கோட்டும் டையும் கட்டிய நான்கு கிழவர்கள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மனைவிமார் எல்லாரும் வெளியே படிக்கட்டில். நான் மூடியைத் திறந்தேன். ஒருவரும் அசையவில்லை. மஞ்சள் மஞ்சேளென்று இருந்ததை அப்படியே பார்த்தார்கள். கடைசியில் பெப்பே என்பவர், குண்டாக, ரொட்டிக்கடை வைத்திருந்தவர், ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அன்னிக்கு ரஷ்யாவுல இது கிடைச்சிருந்தா நான் திரும்பியே வந்திருக்க மாட்டேன், அங்கேயே தங்கியிருப்பேன்" என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஆல்டோ தயங்கித் தயங்கி, "சிஞோரா, இது அப்புறம். முதல்ல வெறும் கிழங்குதான். அடுப்பும் கிழங்கும் அந்தப் பக்கம் இருக்கு" என்றார். எனக்குக் காது சுட்டது. போய்ப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன்.

உருளைக்கிழங்கு வேகிற நேரம் உனக்குத் தெரியும், அவசரப்படுத்த முடியாது. மற்ற வருஷங்களில் உள்ளே வந்ததுமே தட்டு தயாராக இருக்குமாம். பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்களாம். அன்றைக்கு என்னால் எல்லாரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. கிழங்கு வேகும் மணம் அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே மெல்லப் பரவியது. மண்ணும் ஆவியும் கலந்த மணம் அது. அப்போது அவர்களாகவே பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் புரியட்டும் என்று இங்கிலீஷில் ஆரம்பிப்பார்கள், நடுவில் அவர்கள் பாஷைக்குப் போய்விடுவார்கள், ஆல்டோ திருப்பிச் சொல்வார். பெப்பே துப்பாக்கியை எறிந்துவிட்டு ஒரு காபிப் பாத்திரத்தை மட்டும் ரஷ்யாவிலிருந்து சுமந்துகொண்டே வந்தாராம். வழியில் ஒரு அதிகாரி, எங்கேடா உன் துப்பாக்கி என்று கேட்டிருக்கிறார். "அது உறைஞ்சு போச்சு சார், இது இன்னும் வேலை செய்யுது" என்று பெப்பே காபிப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினாராம். "காபி இருந்துதா?" என்று நான் கேட்டேன். "எங்க இருந்துது? பனியை உருக்கி, காபின்னு நினைச்சுக் குடிச்சோம்" என்றார். "பொய், அவன் அதைக்கூட யாருக்கும் கொடுக்கல" என்றார் இன்னொருவர். படைத்தலைவர்கள் பெயரையோ சண்டை நடந்த இடத்தையோ ஒருவரும் சொல்லவில்லை. யார் பாதி ரொட்டி கொடுத்தான், எந்தக் கழுதை எங்கே விழுந்தது, எந்த வீட்டுக்காரி காலுக்குக் கம்பளி சுற்றினாள் என்பதுதான் அவர்களுடைய போர்.

செர்ஜோ என்று ஒருவர், ஒல்லியானவர், அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரத்தின் மூடி தடதடவென்று ஆட ஆரம்பித்தபோது, யாரும் கேட்காமலே பேசினார். அவருடைய ஊர்க்காரன் ஒருவன், பக்கத்து வீட்டுப் பையன், கூடவே நடந்து வந்தான். ஊரிலேயே பலசாலி அவன்தானாம். ஒரு இடத்தில் பனியில் உட்கார்ந்தான். "நான் கையை நீட்டினேன். வேணாம், நீ போ, நானே எழுந்து வரேன்னான். மறுபடி நீட்டினேன். என்னைக் குழந்தை மாதிரி தூக்காதே, எல்லாரும் பாக்கறாங்கன்னு கோவிச்சுக்கிட்டான். சரின்னு நாலு அடி தள்ளிப் போய் நின்னேன். அவன் எழுந்திருக்கவே இல்ல. ரோஷக்காரன். எங்களைப் பனில இழுக்கற ஸ்லெட்ஜ் வண்டில ஏத்தி இழுத்தாங்க, முதுகுல தூக்கினாங்க, நாங்க வெக்கப்படல. அதனால இங்க உக்காந்திருக்கோம்" என்றார். ஆல்டோ அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு அப்படியே புரிந்தது. அந்தக் குரலை நான் எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. நானே பார்த்துக்கொள்கிறேன், நானே எழுந்துகொள்கிறேன். பனி விழுந்த காலையில் வாசலில் நின்று நான் சொன்னதும் அதுதான்.

கிழங்கை வடித்து, தோலோடு, ஒவ்வொருவர் தட்டிலும் வைத்தேன். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: வைப்பதைப் போதும் என்று சொல்லக்கூடாது, வேண்டாம் என்று சொல்லக்கூடாது, கைம்மாறாக எதுவும் கொடுக்கவும் கூடாது. தட்டில் விழுந்ததை வாங்கிக்கொண்டு, 'ஸ்பசீபா' என்று ரஷ்ய பாஷையில் நன்றி சொல்ல வேண்டும். அந்தப் பாஷையில் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான். செர்ஜோ அதைச் சொன்னபோது என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார். வளையல் இல்லாத கை. அந்தக் கை அன்றைக்கு யாருக்கும் அபசகுனமாக இல்லை. கான்வென்ட்டில் எங்களுக்குப் பரிமாறுவதற்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார்கள்: எந்தப் பக்கம் நிற்பது, கரண்டியை எப்படிப் பிடிப்பது எல்லாம். உட்கார்ந்து வாங்கிக்கொள்வதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதை அந்தக் கிழவர்களிடம்தான் பார்த்தேன். எல்லாம் முடிந்ததும் ஆல்டோ எழுந்து, தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். "இப்ப நீங்க உக்காருங்க" என்று, நான் கொண்டுபோன பொடிமாஸை எனக்கே ஒரு தட்டில் போட்டு வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பெப்பே விரலை ஆட்டினார். சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் போனேன். பொடிமாஸும் அந்த வழக்கத்தில் சேர்ந்துகொண்டது: முதலில் வெறும் கிழங்கு, பிறகு என்னுடையது. கிழங்கை வீட்டில் வேகவைத்துக் கொண்டுவராதே, இங்கேயே வேகவை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். காத்திருக்கும் அந்தப் பேச்சு அவர்களுக்கு வேண்டியிருந்தது. வருஷம் போகப் போக மேசையில் நாற்காலிகள் குறைந்தன. கடைசி வருஷம் ஆல்டோ மட்டும்தான். சர்ச்சுக்குப் போக முடியவில்லை; அவர் வீட்டுச் சமையலறையிலேயே நடந்தது. ரீட்டா வழக்கம் தவறாமல் வெளி அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கிழங்கை நசுக்கி, கரண்டியால் ஊட்டினேன். கொத்தனார் வேலை செய்த அந்தப் பெரிய கைகள் போர்வைக்கு மேல் சும்மா கிடந்தன. ஒவ்வொரு வாய்க்கும் அவர் அந்த ரஷ்ய வார்த்தையைச் சொன்னார். "உங்க கால் சூடா இருக்கா?" என்று என்னைக் கேட்டார். அந்த வசந்தத்தில் போய்விட்டார். அத்தி மரத்துக்கு இப்போது கோணி சுற்றுவது நான்தான். ரீட்டா ஜன்னலில் நின்று குறை சொல்வார்.

உனக்குப் புத்தி சொல்லும் வயதை நாம் இருவருமே தாண்டிவிட்டோம். இருந்தாலும் அம்மா என்றால் இரண்டு வார்த்தை சொல்லாமல் விடமாட்டாள். வித்யா 'ஐ ஆம் ஃபைன்' என்று சொல்லும் நாட்களில் அவள் முகத்தைப் பார்த்து ஏமாறாதே. ஆல்டோ பார்த்ததுபோல் காலைப் பார், எதைப் போட்டுக்கொண்டு எந்தப் பனியில் நிற்கிறாள் என்று. அவள் கை நீட்டினால், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லாதே. நீ அந்த வார்த்தையை என்னிடமிருந்து கற்றுக்கொண்டாய். போன வருஷம் வேலை போனபோது என்னிடம்கூடச் சொல்லாமல் தனியாக நடந்தாய் என்று வித்யா சொல்லித்தான் தெரிந்தது. அவள் உன்னை விட்டுத் தள்ளி நிற்கவில்லை. அதற்காக அவளுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு வருஷம் அந்தக் கிழவர்களின் மேசையில் எனக்கு இடம் போட்டார்கள். இப்போது நீ உன் மேடையில் போட்டிருக்கிறாய். என் வாழ்க்கையில் எனக்கு இரண்டு முறை இப்படி வாய்த்திருக்கிறது. நன்றி, கண்ணா. இதை நேரில் சொன்னால் நீ கேலி செய்வாய்.

ஆகவே விடை: தாலித் தட்டை நான்தான் எடுத்து வருவேன். அத்தையிடம் நானே பேசிவிட்டேன். "அண்ணி, என்ன புடவை கட்டப் போறீங்க?" என்று கேட்டாள். அரக்கு என்றேன். தட்டில் மஞ்சள் அரிசி எவ்வளவு, தேங்காய் எந்தப் பக்கம் என்று ஐயரிடம் முன்கூட்டியே கேட்டு எனக்குச் சொல். அரைகுறையாகச் செய்ய என்னால் முடியாது. கேட்டரரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவை. கல்யாணத்தன்று காலையில், மற்ற எதுவும் இலையில் விழுவதற்கு முன்னால், உனக்கும் வித்யாவுக்கும் ஆளுக்கொரு வேகவைத்த கிழங்கு, தோலோடு, உப்போடு, நான் என் கையால் வைப்பேன். கடுகு தாளிக்க மாட்டேன். இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

இன்னொன்று. டிக்கெட் போடும்போது நூவர்க்கில் வீல்சேருக்குச் சொல்லிவிடு. இந்த முறை உட்கார்ந்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா